பவளத்தொட்டிக்கு விளக்கு: கையைக் கடிக்காமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப் போவது விளக்கைத்தான். விலையைப் பார்த்ததும் தலை சுற்றும். தொட்டி, மணல், பாறை, பம்பு என்று எல்லாவற்றுக்கும் ஒதுக்கி வைத்த பணத்தை ஒற்றை விளக்கே விழுங்கிவிடும் போலிருக்கும். சிலர் அதோடு ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு நீல விளக்கை மாட்டிவிட்டு, பவளம் ஏன் வெளுக்கிறது என்று குழம்புகிறார்கள்.

விளக்கைக் கடைசியில் வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. எந்தப் பவளம் வளர்க்கப் போகிறோம், தொட்டி எவ்வளவு ஆழம் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், எவ்வளவு பெரிய விளக்கு வேண்டும் என்பது பாதிக்குமேல் முடிவாகிவிடும். இந்த இரண்டையும் யோசிக்காமல் வாங்கும் விளக்கு ஒன்று போதாமல் இருக்கும், இல்லையென்றால் பாதி வெளிச்சத்தில் ஓடிக்கொண்டு காசை வீணாக்கும்.

பவளத்துக்கு வெளிச்சம் எதற்கு?

பவளம் செடியல்ல, விலங்கு. ஆனால் அதன் சதைக்குள்ளே ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. சூசாந்தெல்லே என்று பெயர். இவை ஒளிச்சேர்க்கை செய்து, தயாரித்த உணவில் பெரும்பங்கைத் தங்கியிருக்கும் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைக்கலாம். பவளமும் தன் கழிவான நைட்ரஜனையும் கரியமில வாயுவையும் பாசிக்குத் தருகிறது. ஆகவே பவளத்தொட்டியின் விளக்கு நாம் பார்த்து ரசிப்பதற்காக மட்டும் மாட்டுவதல்ல. அது அணைந்தால் உள்ளே அடுப்பு எரியாது.

எல்லாப் பவளமும் இப்படியல்ல. சன் கோரல் என்று விற்கப்படும் டியூபாஸ்ட்ரியாவுக்குள் பாசி கிடையாது. வெளிச்சமே இல்லாத குகைக் கூரையிலும் அது வளரும். அப்படியென்றால் விளக்குச் செலவே இல்லையே என்று தோன்றும். ஆனால் அதன் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகத் தீனி கொடுக்க வேண்டும். அந்தத் தீனி தண்ணீரைக் கெடுக்கும், தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். விளக்கில் மிச்சம் பிடித்ததை, புதுத் தண்ணீரில் கரைக்கும் உப்பில் விட்டுவிடுவீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்தது நிறம். பவளத்தொட்டிகள் ஏன் இப்படி நீலமாக இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது. தெளிந்த நீரில் மிக ஆழம் வரை இறங்குவது நீலம்தான். லெப்டோசெரிஸ் என்ற பவள இனம் 150 மீட்டருக்கும் கீழே இந்த மங்கிய நீலத்தை மட்டும் நம்பிப் பிழைக்கிறது. பாசிகளும் அதற்கேற்றபடிதான் அமைந்திருக்கின்றன. அவற்றிலுள்ள பச்சையம் ஏ, பச்சையம் சி2, பெரிடினின் ஆகிய நிறமிகள் 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளியை நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. பெரிடினின் இன்னும் கொஞ்சம் பச்சைப் பக்கமும் எட்டிப் பிடிக்கும்.

பட்ஜெட் பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. எல்இடியால் திறமையாகத் தரமுடிகிற நிறங்களில் நீலமும் ஒன்று. நாம் வெள்ளை எல்இடி என்று சொல்வதே உண்மையில் நீல எல்இடியின் மேல் பாஸ்பர் என்ற மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசியதுதான். திறமான நீல எல்இடியை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டு வெளிச்சத்துக்காக நடந்த அந்த உழைப்பின் பலனைப் பவளம் வளர்க்கிறவர்கள் நேரடியாக அனுபவிக்கிறோம்.

நீல வெளிச்சத்தில் பவளங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் ஒளிர்வதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. பவளத்திலுள்ள ஒளிர் புரதங்கள் நீலத்தை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருவதால் வரும் அழகு அது. சோதனைக்கூடங்களில் செல்களுக்கு அடையாளமிடப் பயன்படும் புகழ்பெற்ற சிவப்புப் புரதமான டிஎஸ்-ரெட், 1999-இல் டிஸ்கோசோமாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கடைகளில் மஷ்ரூம் என்று விற்கிறார்களே, அந்த எளிய பவளத்தின் இனம்தான். ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். பவளம் பளபளவென்று ஒளிர்வதால் அதற்கு வெளிச்சம் போதுகிறது என்று அர்த்தமில்லை. மிக மங்கலான நீல விளக்கிலும் அது ஒளிரும், கூடவே மெல்ல மெல்லப் பட்டினியும் கிடக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்கள்

விளக்குப் பெட்டியில் வாட், லுமென், கெல்வின் என்று எண்கள் வரிசைகட்டி நிற்கும். இவற்றில் எதுவுமே பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேரும் என்று நேராகச் சொல்வதில்லை.

வாட் என்பது மின்சாரச் செலவு. இத்தனை லிட்டருக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கு குழல்விளக்குக் காலத்தில் ஓரளவு எடுபட்டது. எல்இடி வந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். லுமென் மனிதக் கண்ணுக்காக ஏற்பட்ட அளவு. நம் கண் 555 நானோமீட்டர் அளவிலான பச்சையில்தான் கூர்மையாகப் பார்க்கும். 450 நானோமீட்டர் நீலத்தில் அந்தக் கூர்மையில் 4 சதவீதம்கூடத் தேறாது. பவளத்துக்கு விருந்தாக இருக்கும் ஒளிக்கு லுமெனில் மதிப்பெண் ஏறக்குறைய சைபர். லுமென் அதிகம் என்று விளம்பரப்படுத்தப்படும் விளக்கு பெரும்பாலும் மஞ்சளும் பச்சையும் கலந்த வீட்டு விளக்காகவே இருக்கும்.

கெல்வின் நிறத்தின் சாயலைச் சொல்கிறது. 6500 பகல் வெளிச்சம், 10,000 வெண்மை, 14,000-க்கு மேல் நீலச்சாயல், 20,000 நல்ல நீலம். பழைய மெட்டல் ஹாலைடு பல்புகளைப் பிரித்தறிய இது உதவியது. நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் எல்இடியில் கெல்வினுக்குப் பெரிய வேலையில்லை.

வேண்டிய எண் பிஏஆர். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது. முற்றத்தில் மழை எவ்வளவு வலுத்துப் பெய்கிறது என்பது பிஏஆர் என்றால், முற்றத்தில் வைத்த அண்டாவில் நாள் முழுக்கச் சேர்ந்த தண்ணீர்தான் பவளம் உண்மையில் பெற்ற வெளிச்சம். தூறலானாலும் நெடுநேரம் பெய்தால் அண்டா நிறையும். விளக்கிலும் இது அப்படியே செல்லும். 150 பிஏஆர் வெளிச்சம் 8 மணி நேரம் எரிந்தாலும், 120 பிஏஆர் 10 மணி நேரம் எரிந்தாலும், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சேர்வது 4.32 மோல்தான். கொஞ்சம் சிறிய விளக்கை வாங்கிவிட்டோமே என்று வருந்துகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் 16 மணி நேரம் எரித்து ஈடுகட்டலாம் என்று இறங்கிவிடாதீர்கள். பவளத்துக்கும் மீனுக்கும் இருட்டு வேண்டும். 8 முதல் 10 மணி நேரம், போனால் 12. அதற்கு மேல் கூட்டினால் தொட்டியில் மண்டும் பச்சைப் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

உச்சிவெயில் ஏறக்குறைய 2000 பிஏஆர். அதைத் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டுமா? வேண்டாம். வெளிச்சம் கூடக்கூட ஒளிச்சேர்க்கை கூடிக்கொண்டே போகாது. ஓர் எல்லைக்குப் பிறகு பாசியால் அதற்குமேல் பயன்படுத்த முடியாது. அதையும் தாண்டினால் நச்சான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகி, பாசியும் அதைத் தாங்கும் சதையும் சேதமடையும். ஆக, விளக்கில் ஓரளவுக்கு மேல் போடும் பணம் பயனில்லாமல் போவதோடு நிற்காமல் கெடுதலும் செய்யும்.

முதலில் பவளம்

செலவைக் குறைப்பதற்குப் பெரிய வழி இந்த இடத்தில்தான் இருக்கிறது. மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர், கிரீன் ஸ்டார் பாலிப், சீனியா போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 100 பிஏஆர் இருந்தாலே போதும். ஹேமர், டார்ச், ஃபிராக்ஸ்பான், பிரெயின், டங்கன் போன்ற பெரிய வாய்ப் பவளங்கள் 80 முதல் 150-க்குள் நன்றாக வாழும். அக்ரோபோரா மாதிரி கிளைவிடும் சிறுவாய்ப் பவளங்கள் 200 முதல் 350 வரை கேட்கும். மான்டிபோராவில் சில வகைகள் அதற்குக் கீழேயே சமாளித்துக்கொள்ளும். டிரிடாக்னா சிப்பியும் பெரும்பாலான கடல் சாமந்திகளும் அதிகம் கேட்கும் கூட்டத்தில் சேர்த்தி. இவை வளர்ப்பவர்களின் அனுபவத்தில் படிந்த எண்கள், வேத வாக்கல்ல. ஒரே பவளம் வெவ்வேறு தொட்டியில் வெவ்வேறு வெளிச்சத்துக்குப் பழகிவிடும்.

அக்ரோபோராவுக்கு விளக்கு வாங்கினால் செலவு விளக்கோடு நிற்காது. வெளிச்சம் கூடினால் வளர்ச்சி வேகமாகும். வேகமாக வளரும் கல்பவளம் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சித் தள்ளும். அவற்றை நாள்தோறும் ஈடுசெய்ய மருந்து ஊற்றும் பம்பு, அளந்து பார்க்கச் சோதனைக் கிட், பலமான நீரோட்டத்துக்கு இன்னொரு பம்பு என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். 80 பிஏஆர் தொட்டியில் வாரம் ஒருமுறை தண்ணீரில் கொஞ்சம் மாற்றினாலே பல மாதம் ஓட்டிவிடலாம். விளக்கின் விலையைப் பார்க்கும்போது அது பின்னால் இழுத்துவரப்போகும் இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

கடலிலிருந்து பெயர்த்து வந்த பவளத்தைவிட, தொட்டியிலேயே வெட்டி வளர்த்த ஃபிராக் என்ற பவளத்துண்டை வாங்குவது எல்லா விதத்திலும் மேல். கல்பவளங்கள் அனைத்தும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன. அவற்றின் வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சக் கணக்கிலும் ஃபிராக் நமக்கு வசதி. அது செயற்கை ஒளிக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். கொடுப்பவரிடம் எந்த விளக்கு, எவ்வளவு உயரம், எத்தனை சதவீதம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்துவிடலாம்.

அடுத்தது ஆழம்

60 செ.மீ. ஆழத் தொட்டியையும் 35 செ.மீ. ஆழத் தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆழமானது கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் அடிமணலில் 100 பிஏஆர் விழ வேண்டுமென்றால், மேல்பரப்பில் அதைப்போல் பல மடங்கு கொட்ட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் விழுங்கும். அதைவிட, வெளிச்சம் கீழே இறங்க இறங்க விரிந்து பரவிப் பலமிழந்துவிடும். ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் ஒளி, தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகும். தொட்டிக் கண்ணாடி பக்கவாட்டில் போகும் ஒளியைத் திருப்பிவிடுவதாலும் விளக்கில் லென்ஸ் இருப்பதாலும் நிஜத்தில் அவ்வளவு வேகமாகக் குறையாது. ஆனாலும் குறையும்.

ஆழத் தொட்டிக்காகக் குறுகிய கோண லென்ஸ் போட்ட பலமான விளக்கு வாங்கினால், அடியில் சரியாக இருக்கும்போது மேல்பாறையில் வெளிச்சம் சுட்டெரிக்கும். ஆழம் குறைந்த, அகலமான தொட்டியில் இந்தத் தொல்லையே கிடையாது. 40 செ.மீ.க்குள் ஆழமுள்ள தொட்டியில் சாதாரண விளக்கே அடிவரை போய்ச் சேரும், மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசமும் குறைவு. பாறையை அடுக்கவும் கை எட்டும். இன்னும் தொட்டி வாங்கவில்லையென்றால், என் யோசனை ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள் என்பதுதான். விளக்கில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய சேமிப்பு அது.

என்ன விளக்கு?

மெட்டல் ஹாலைடை இரண்டே வரியில் முடித்துவிடலாம். நீருக்குள் வெயில் அலையாடுவது போன்ற அதன் அழகுக்கு ஈடில்லை. ஆனால் கொதிக்கும், மின்சாரத்தைக் குடிக்கும், தண்ணீரைக் குளிர்விக்கத் தனிக் கருவி கேட்கும்.

டி5 குழல்விளக்கு இன்றும் பலருக்குப் பிடித்தமானது. நீளமான குழல் முழுக்க ஒளிர்வதால் நிழல் விழாமல் எல்லா மூலையிலும் ஒரே சீராக வெளிச்சம் பரவும். பயன்படுத்திய நல்ல டி5 சட்டம் கைமாற்றாக மலிவில் கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் குழல்களின் பலம் குறைந்துகொண்டே வருவதால் 9 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான்கு குழல் என்றால் ஆண்டுதோறும் நான்கு குழல். பாதரசம் இருப்பதால் உலகமே குழல்விளக்கிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டு டி5 குழல்களைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதை நிறுத்திவிட்டது. பவளத்துக்கான தனிக்குழல்கள் இன்னும் எத்தனை காலம் எளிதாகக் கிடைக்கும் என்பதை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 54 வாட் குழல் நான்கு என்றால் 216 வாட். நாளுக்கு 10 மணி நேரத்துக்கு 2.16 யூனிட். அதே வேலையை 80 வாட் எல்இடி செய்கிறது என்று வைத்தால் 0.8 யூனிட். ஓராண்டில் வித்தியாசம் ஏறக்குறைய 500 யூனிட் ஆகிவிடுகிறது. உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள், எது மலிவு என்று தெரிந்துவிடும்.

ஆக எல்இடிதான் மிச்சம். அதில் ஏராளமான ரகம். பட்ஜெட் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம், பிளாக் பாக்ஸ் என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்புத் தகரப் பெட்டி. வெவ்வேறு பெயர் ஒட்டி விற்பார்கள், உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 55 எல்இடி, ஒவ்வொன்றும் 3 வாட், ஆகவே 165 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும். சுவரிலிருந்து அது உண்மையில் இழுப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு. நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ், பின்னால் இரண்டு விசிறி. ஆப் கிடையாது, மேகம் போவது போன்ற வித்தையெல்லாம் கிடையாது. ஆனால் ஏறக்குறைய 60 செ.மீ. நீளத்துக்கு ஒன்று என்று தொங்கவிட்டால், அக்ரோபோராகூட வளர்க்கும் அளவுக்கு ஒளி கொடுக்கும். விலையுயர்ந்த விளக்குக்கும் இதற்கும் ஒளியின் பலத்தில் அவ்வளவு வித்தியாசமில்லை. நிறக் கலவை, பரவல், அமைதியான விசிறி, பழுதானால் மாற்றித் தரும் உத்தரவாதம் ஆகியவற்றுக்குத்தான் அந்தக் கூடுதல் விலை. அதில் எது உங்களுக்கு முக்கியம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். படுக்கையறையில் தொட்டி வைப்பவருக்கு விசிறிச் சத்தம் பெரிய விஷயம்.

இந்தப் பெட்டிகளின் பெரிய குறை நிறம் கலக்காததுதான். விளக்கை எரியவிட்டு, அதற்கு ஒரு சாண் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு எல்இடியும் தனித்தனி வட்டமாக, இங்கே நீலம், அங்கே வெள்ளை, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி என்று திட்டுத்திட்டாக விழும். தாளைக் கீழே இறக்க இறக்க வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, ஒரு தூரத்தில் தாள் முழுக்க ஒரே நிறமாகும். அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மட்டத்திலிருந்து குறைந்தது அவ்வளவு உயரத்தில் விளக்கு தொங்க வேண்டும். வழக்கமாக 20 முதல் 30 செ.மீ. வரும். உயர்த்துவதால் பலம் குறையும். மென்பவளத் தொட்டிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. கடையிலேயே தாளை நீட்டிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

நிழலும் ஒரு தொல்லை. ஒரே இடத்திலிருந்து வரும் ஒளியில் கிளைப்பவளத்தின் மேல்பக்கம் ஒளிர, அடிப்பக்கம் இருண்டு செத்துவரும். பெரிய விளக்கு ஒன்றைவிடச் சிறிய விளக்கு இரண்டைத் தள்ளித்தள்ளி மாட்டுவது இதற்கு நல்ல தீர்வு. ஒன்று பழுதானால் மற்றது எரிந்துகொண்டிருக்கும் என்பதும் ஒரு நிம்மதி.

மிகச் சிறிய தொட்டிக்கு, அதாவது 30, 40 லிட்டருக்கு, பவளத்துக்கென்று விற்கும் திருகு பல்பு ஒன்றை வளையும் கழுத்துள்ள மேசை விளக்கில் மாட்டினாலே போதும். மஷ்ரூமும் ஜோவாவும் அதில் அருமையாக வளரும். நன்னீர்ச் செடித்தொட்டிக்கான 6500 கெல்வின் விளக்கு ஏற்கெனவே கையில் இருந்தால் அதையும் முயன்று பார்க்கலாம். மென்பவளம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் நிறமெல்லாம் தவிட்டு நிறமாகத் தெரியும். மாடித்தோட்டத்துக்கு விற்கும் இளஞ்சிவப்பு விளக்கை மட்டும் வாங்காதீர்கள். 660 நானோமீட்டர் சிவப்பு அதில் நிறைந்திருக்கும், பவளத்துக்கு அது தேவையில்லை.

ஏற்கெனவே பயன்படுத்திய எல்இடி வாங்கினால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே முழுப் பலத்தில் எரியவிட்டு, எரியாத புள்ளிகளை எண்ணுங்கள். லென்ஸ் மஞ்சளித்திருக்கிறதா, விசிறி கரகரக்கிறதா, திருகுகளைச் சுற்றிப் பச்சையாக உப்பு பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பெட்டியில் 50,000 மணி நேரம் ஆயுள் என்று போட்டிருப்பார்கள். நாளுக்கு 10 மணி என்றால் 13 ஆண்டுக்கு மேல். எல்இடி அவ்வளவு காலம் தாங்கலாம், ஆனால் விசிறியும், எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராகத் தரும் டிரைவரும் முன்னாலேயே போய்விடும். அரைமணி நேரம் எரியவிட்டு முதுகைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அளப்பது

பிஏஆர் மீட்டரின் விலை மலிவு விளக்கின் விலையைத் தாண்டிவிடும். சொந்தமாக வாங்காதீர்கள். பவளம் வளர்ப்பவர்கள் யாரிடமாவது ஒருநாள் கடன் வாங்கலாம். சில கடைகள் வாடகைக்கும் தருகின்றன. அப்போஜி நிறுவனத்தின் பிஏஆர் மீட்டர்களில் பழைய ரகம் நீலத்தைக் குறைத்துக் காட்டும். எம்கியூ-510 போன்ற புதியவை நீலத்தையும் சரியாகப் படிக்கும். அளக்கும்போது மணலில், பாறை நடுவில், உச்சியில், மூலைகளில் என்று எட்டுப் பத்து இடத்தில் எடுத்து, தொட்டியை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு தாளில் வரைந்து எண்களை எழுதிவிடுங்கள். குமிழ் எத்தனை சதவீதத்தில் இருந்தது என்பதையும் மறக்காமல் குறியுங்கள். பிற்பாடு எந்தப் பவளம் வந்தாலும் எங்கே வைப்பது என்பதற்கு அந்தத் தாளே விடை சொல்லும்.

செல்பேசி ஆப்பையோ லக்ஸ் மீட்டரையோ வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். வெயிலில் 54 லக்ஸ் ஒரு பிஏஆருக்குச் சமம். அந்த விகிதத்தை நீல விளக்குக்குப் போட்டால் விடை தலைகீழாகிவிடும். லக்ஸும் லுமெனைப்போல் கண்ணுக்கான அளவுதானே. ஆனால் அதே விளக்கின் கீழ், அதே குமிழ் நிலையில், இடது மூலையைவிட வலது மூலை எவ்வளவு குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்க லக்ஸ் மீட்டர் உதவும்.

மீட்டர் கிடைக்கவேயில்லையா? குறைவிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் போதாத பவளம் உடனே செத்துவிடாது. தவிட்டு நிறமாகும், வெளிச்சத்தை நோக்கிக் கழுத்தை நீட்டும், ஜோவாவின் தண்டு நெடுநெடுவென்று வளரும். இதெல்லாம் வாரக்கணக்கில் நடக்கும். சரிசெய்ய அவகாசம் உண்டு. வெளிச்சம் மிஞ்சினால் கதை வேறு. சில நாளிலேயே பவளம் சுருங்கும், வெளிறும், பாசியை வெளியேற்றிவிட்டு உள்ளிருக்கும் வெள்ளை எலும்பு தெரிய நிற்கும். அதிலிருந்து மீட்பது கடினம். புதிதாக வளர்ப்பவர்களின் பவளங்கள் பட்டினியைவிட அதிக வெளிச்சத்தால்தான் கூடுதலாகச் சாகின்றன என்பது என் எண்ணம். காரணம் எளிது. நீலம் மட்டும் எரியும் தொட்டி கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். இது போதாதே என்று குமிழைத் திருகிவிடுவார்கள்.

மாட்டிய பிறகு

புது விளக்கை 30 அல்லது 40 சதவீதத்தில் தொடங்கி, வாரம் 5 சதவீதம் வீதம் ஏற்றுங்கள். நீலத்தை முதலில் கூட்டுங்கள். வெள்ளையைக் கண்ணுக்கு இதமாகத் தெரியும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். புதிதாக வந்த பவளத்தை முதல் வாரம் மணலிலேயே வைத்துவிட்டு, பிறகு மெல்ல மேலே ஏற்றுங்கள். பவளம் ஏதாவது ஒரு மாற்றத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் குமிழை நான்கு முறை திருகினால் எதனால் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டைமர் கட்டாயம். நாளும் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைய வேண்டும். நீலம், வெள்ளை இரண்டுக்கும் தனித்தனி மின்கம்பி இருக்கும் பெட்டியில் சாதாரண டைமர் இரண்டைப் போட்டு, நீலத்தை ஒரு மணி நேரம் முன்னால் எரியவிட்டு ஒரு மணி நேரம் பின்னால் அணைத்தால், விலையுயர்ந்த விளக்கின் விடியலும் அந்தியும் கிடைத்துவிடும்.

கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது மின்பாதுகாப்பு. உப்புநீருக்கு மேலே தொங்கும் மின்கருவி இது. சங்கிலியோ கம்பியோ விளக்கின் எடையைப்போல் பல மடங்கு தாங்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும். வயர் பிளக்குக்குப் போகுமுன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலிருந்தே சொட்டிவிடும்.

தொட்டியில் பச்சைப் பாசி மண்டினால் எல்லோரும் விளக்கைத் திட்டுவார்கள். வெளிச்சமும் காரணம்தான், ஆனால் தண்ணீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் முதலில் சோதியுங்கள். அதற்காக அவற்றைச் சைபராக்கவும் வேண்டாம். பலமான வெளிச்சத்தில் ஊட்டம் இல்லாத தண்ணீரில் பவளம் வெளிறிப்போகும்.

பலர் கவனிக்காமல் விடுவது தண்ணீரின் தெளிவு. நாள்பட்ட தொட்டியில் தண்ணீர் லேசாக மஞ்சளிக்கும். தினமும் பார்ப்பதால் நமக்குத் தெரியாது. அந்த மஞ்சள் நீல ஒளியைத்தான் விழுங்கும். மேலே கண்ணாடி மூடி போட்டிருந்தால் உப்புப்படலம் வேறு மறைக்கும். பவளங்களும் அந்தக் குறைந்த வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் துடைத்து, தண்ணீரைத் தெளியவைக்கும் வடிகட்டிக் கரியையும் புதிதாகப் போட்டீர்கள் என்றால், விளக்கைத் தொடாமலேயே உள்ளே வெளிச்சம் திடீரென்று கூடிவிடும். அன்றைக்கு விளக்கைப் பத்துப் பதினைந்து சதவீதம் இறக்கிவிட்டு, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.